அம்மா போன பிறகு வீட்டில் நடந்த ஒன்பது விஷயங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அம்மா இறந்து 19-வது நாள் இரவு என் கட்டிலின் கால்மாட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மெத்தை அந்தப் பக்கம் அமுங்கியது, என் கால் லேசாகச் சரிந்தது. கண் திறந்திருந்தது, அறை தெரிந்தது, ஜன்னல் வெளிச்சமும் தெரிந்தது, ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, விரலைக்கூட அசைக்க முடியவில்லை. இருட்டாக ஒரு உருவம், குனிந்த தோள், கடைசி மாதங்களில் அம்மா உட்காரும் அதே சாய்வு. கூப்பிடப் பார்த்தேன், குரல் எழவில்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, சட்டென்று உடம்பு விடுபட்டது, எழுந்து விளக்கைப் போட்டால் யாரும் இல்லை. மணி 3.40.

அடுத்த ஏழு வாரங்களில் மொத்தம் ஒன்பது நிகழ்வுகள். அசைய முடியாமல் கிடந்து உருவத்தைப் பார்த்தது நான்கு முறை, ஹாலில் செருப்பை இழுத்து நடக்கும் சத்தம் இரண்டு முறை (ஒன்று எனக்கு, ஒன்று தங்கைக்கு), பட்டப்பகலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் ஒரு முறை, நின்றுபோன கடிகாரம், கடைசியாக ஒரு வாசனை. இவற்றை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஞாபகத்தை வைத்து அல்ல. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கடிகாரத்தின் கதை வரும்போது புரியும்.

எழுதக் காரணம் ஒன்று உண்டு. இப்படி ஒன்று நடந்தது என்று சொன்னால் ஒரு பக்கம் "பிரமை, நல்லாத் தூங்கு" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "அம்மாதான் வந்திருக்காங்க" என்கிறார்கள். இரண்டு பேரும் நான் சொல்லி முடிப்பதற்குள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மெத்தை எந்தப் பக்கம் அமுங்கியது, நான் மல்லாந்து படுத்திருந்தேனா, ஜன்னல் திறந்திருந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விகள்தான் வேண்டியிருந்தன.

வீட்டு நிலவரம்

அம்மா படுக்கையில் இருந்தது ஐந்து மாதம். பக்கத்தில் ஒரு கட்டில் போட்டு நான்தான் படுத்துக்கொண்டேன். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டும், மருந்து, தண்ணீர், புரட்டிப் படுக்க வைப்பது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும், அதன் இரைச்சலிலேயே தூங்கிப் பழகியிருந்தேன். அம்மா போன மறுநாள் அதை அணைத்தபோது வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது. அதற்குப் பிறகும் நடு இரவில் தானாக விழிப்பு வந்துவிடும், செய்ய வேலை எதுவும் இருக்காது. வீட்டில் அப்பாவும் நானும், தங்கை வார இறுதிகளில் வருவாள்.

நம்பிக்கை விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். அப்பா, இறந்தவர்கள் சில காலம் வீட்டைச் சுற்றி இருப்பார்கள் என்று நம்புகிறவர். நான் நம்பாதவன். தங்கை இரண்டுக்கும் நடுவில். இதைச் சொல்லாமல் எந்த நிகழ்வை அலசினாலும் பாதிதான் அலசியதாகும்.

நோட்டில் எழுத எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி இரண்டுதான்: அரை மணி நேரத்துக்குள் எழுத வேண்டும், எழுதி முடிக்கும்வரை யாரிடமும் பேசக்கூடாது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1882-ல் லண்டனில் தொடங்கிய உளவியல் ஆய்வுக் கழகம், அதாவது பேய், ஆவி, தொலையுணர்வு போன்றவற்றை முறையாக விசாரிக்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட அமைப்பு, பிறரிடம் சொல்வதற்கு முன் எழுதிய குறிப்புக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தது. அவர்கள் 1894-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஏறக்குறைய 17,000 பேரிடம் கேட்டார்கள்: முழு விழிப்பில் இருக்கும்போது, புறக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு உருவத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ தொடுதலை உணர்ந்தோ இருக்கிறீர்களா? பத்தில் ஒருவர் ஆமாம் என்றார். பத்தில் ஒருவர் என்றால் நமக்குத் தெரிந்த வட்டத்திலேயே பலர். அவர்கள் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

கால்மாட்டில் உட்கார்ந்தவர்

நான்கு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரே மாதிரியான விஷயங்கள் கண்ணில் பட்டன. நான்கு முறையும் மல்லாந்து படுத்திருந்தேன். நான்குமே அதிகாலை 3.15-க்கும் 4.30-க்கும் இடையில். நான்குக்கும் முந்தைய இரவுகளில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம்.

இதற்குப் பெயர் ஸ்லீப் பராலிசிஸ், தூக்க முடக்கம் என்று சொல்லலாம். கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி அசையாமல் வைத்துவிடுகிறது, கனவில் ஓடுவதை நாம் கட்டிலில் ஓடிவிடக்கூடாது என்பதற்காக. சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, அந்தக் கட்டு அவிழப் பிந்துகிறது. கண் திறந்திருக்கும், அறை உண்மையாகவே தெரியும், ஆனால் கனவும் இன்னும் முடிந்திருக்காது, அது அறைக்குள்ளேயே நடக்கும். 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் 28.3 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருவதாகக் கணக்கிட்டது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருகிறது. என் கதையில் இரண்டும் இருக்கின்றன.

சரி, அசைய முடியாததற்கு விளக்கம் கிடைத்தது. யாரோ இருந்ததற்கு? இந்த இடத்தில் நான் நிறைய நேரம் நின்றேன், ஏனென்றால் உருவத்தைக் கண்ணால் பார்த்ததைவிட 'ஒருவர் இருக்கிறார்' என்ற அந்த உணர்வுதான் என்னை உலுக்கியது. 2006-ல் நரம்பியலாளர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முந்தைய சோதனையில், 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் இடது பொட்டுப்பகுதியும் உச்சிப்பகுதியும் சேரும் இடத்தை மின்தூண்டல் செய்தார்கள். உடனே தன் பின்னால் ஒரு நிழல் மனிதர் இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்திருந்தபோது அதுவும் படுத்திருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அதுவும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டது. அதாவது, தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளை போடும் கணக்கு பிசகும்போது அந்த உடம்பே இன்னொருவராக உணரப்படுகிறது. 1916-ல் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை இரண்டு பேருடன் நடந்து கடந்த அண்டார்டிகப் பயணி ஷாக்கில்டன், கூடவே நான்காவது ஒருவர் வருவதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது என்று பின்னர் எழுதினார். அவர் தூங்கவில்லை, நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் களைப்பு மட்டும்தான் பொது.

அதற்கு ஏன் அம்மாவின் தோள் இருந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து மாதம் அந்த நேரத்தில் அந்த அறையில் கண் திறந்தால் நான் பார்த்தது அந்தத் தோளைத்தான்.

அதன் பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் எதுவும் வரவில்லை. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், அதே வாரங்களில் தூக்கமும் சீராகத் தொடங்கியிருந்தது, எது காரணம் என்று பிரிக்க முடியாது.

முதலில் வந்தது அனுபவமா, நம்பிக்கையா

தமிழில் இதை அமுக்குவான் பேய் என்கிறோம். ஜப்பானியர்கள் கனாஷிபாரி என்கிறார்கள். கம்போடியாவில் பேய் அழுத்துகிறது என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து நெஞ்சில் ஏறிக்கொள்கிறாள். இத்தனை இடங்களில் ஒரே கதை எப்படி வந்தது?

பொதுவாகச் சொல்லப்படும் பதில், சின்ன வயதில் கேட்ட கதைதான் ராத்திரியில் உருவமாக வருகிறது என்பது. டேவிட் ஹஃபோர்ட் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். 1963-ல் கல்லூரி மாணவராக இருந்தபோது அவருக்கே இது நடந்திருந்தது, அப்படி ஒரு மரபு இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் தன் அனுபவத்தை அச்சு அசலாக விவரிப்பதைக் கேட்டார். அங்கே மாணவர்களிடம் எடுத்த கணக்கில் 23 சதவீதம் பேர் தங்களுக்கும் நடந்ததாகச் சொன்னார்கள். அவர் வந்த முடிவு: கதையைக் கேட்டுத்தான் அனுபவம் வருகிறது என்பதில்லை. அனுபவம் முதலில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கதை பிறக்கிறது.

எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. அமுக்குவான் பேயைப் பற்றிப் பேசிய பழைய தலைமுறை அறியாமையில் உளறவில்லை, நடந்ததைத் துல்லியமாகச் சொன்னார்கள். அசைய முடியாது, நெஞ்சு அழுந்தும், அருகில் ஒருவர் இருப்பார், கத்தினால் குரல் வராது. ஒவ்வொரு சொல்லும் சரி. காரணம் என்று சொன்னதில்தான் நான் மாறுபடுகிறேன்.

ஆனால் நம்பிக்கைக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எகிப்திலும் டென்மார்க்கிலும் இருப்பவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், இதை அமானுஷ்யமாகப் பார்க்கும் வழக்கம் அதிகமுள்ள எகிப்தியர்களுக்கு, இதிலேயே செத்துவிடுவோம் என்ற பயம் அதிகமாக இருந்தது, முடக்கம் நீண்ட நேரம் நீடித்ததாகவும் சொன்னார்கள். எனக்கும் முதல் முறை இருந்த பயம் நான்காவது முறை இல்லை, இடையில் படித்துவிட்டேன். உருவம் மட்டும் அப்படியே வந்தது.

ஹாலில் நடந்த செருப்பு

27-வது நாள் இரவு இரண்டு மணிக்கு. சர்ர்… நிறுத்தம்… சர்ர். அம்மா காலைத் தூக்காமல் செருப்பை இழுத்து நடப்பார், அதே சத்தம். நான் அப்போது உட்கார்ந்திருந்தேன், கை கால் அசைந்தது, தூக்க முடக்கம் இல்லை.

பதினொரு நாள் கழித்து தங்கை வந்திருந்தபோது காலையில் முகம் வெளிறி வந்து சொன்னாள்: "அண்ணா, ராத்திரி அம்மா நடந்தாங்க. ஹால்ல இருந்து ரூம் கதவு வரைக்கும்." நான் கேட்ட அதே சத்தம், நான் சொல்லாமலே அவளுக்கும். அப்பா அழுதார். இரண்டு நாள் எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை, இரண்டு தனித்தனி சாட்சிகள் ஆயிற்றே.

மூன்றாம் நாள் நோட்டைச் சரிபார்க்க ஃபோனில் பழைய செய்திகளைப் பார்த்துக்கொண்டு போனேன். 27-ம் நாள் காலை நான் அவளுக்கு அனுப்பியிருந்தேன்: "ராத்திரி ஹால்ல அம்மா செருப்பை இழுத்து நடக்கிற மாதிரி சத்தம்." அவள், "நீ ரெஸ்ட் எடு அண்ணா" என்று பதில் போட்டிருந்தாள். இரண்டு பேரும் சுத்தமாக மறந்திருந்தோம். யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

அப்படியானால் சத்தம்? அவளும் ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறாள், நானும் கேட்டிருக்கிறேன். நோட்டில் இரண்டு இரவுக்கும் 'பின் ஜன்னல் திறந்திருந்தது' என்று இருந்தது. அன்று இரவு ஜன்னலைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு காற்று வந்தது. சர்ர்… நிறுத்தம்… சர்ர். டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் தொங்கிய மாத நாட்காட்டி. கீழே உலோகப் பட்டி வைத்தது, காற்றில் ஒரு பக்கம் போய் நின்று திரும்பி வருகிறது. அதை எடுத்துப் பார்த்தேன், அதற்குப் பின்னால் சுவர் வண்ணத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல், நகக்கண் ஆழத்துக்கு. மாதக்கணக்கில் உரசியிருக்கிறது.

அம்மா இருந்தபோது ஏன் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் குளிருக்காகப் பின் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம், திறந்திருந்த நாட்களிலும் ஆக்சிஜன் இயந்திரத்தின் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. அம்மா போனார், இயந்திரம் நின்றது, ஜன்னல் திறந்தது, நாட்காட்டி கேட்டது. அம்மா போனதால்தான் அந்தச் சத்தம் வந்தது என்று அப்பா சொன்னது ஒரு வகையில் முழு உண்மை.

கடிகாரம்

அம்மா இறந்தது அதிகாலை 4.25-க்கு. ஹால் கடிகாரம் அதே நிமிஷத்தில் நின்றுவிட்டது என்பது மூன்று மாதத்தில் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நானே ஒரு நண்பரிடம், "4.25-லேயே நின்னிருந்துச்சு, நான் பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். முள் நின்ற கோணம்கூட என் கண்ணில் இருக்கிறது.

நோட்டில், 26-வது நாள், என் கையெழுத்தில்: "ஹால் கடிகாரம் நின்றிருக்கிறது, 5.15. பேட்டரி மாற்ற வேண்டும்."

இந்த வரியைப் படித்தபோது வந்த அதிர்ச்சி அந்த உருவத்தைப் பார்த்தபோதுகூட வரவில்லை. என் கண்ணில் இருக்கும் முள் என் கண்ணால் பார்த்த முள் அல்ல. ஐம்பது நிமிஷம் நகர்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. உளவியலாளர் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட சோதனை ஞாபகம் வந்தது. வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆவிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஓடம் சாதாரணப் படகாக மாறியது, அதைப் படித்த ஆங்கிலேயர்களுக்குப் பொருள்படாத ஆவிகள் மெல்லக் கதையிலிருந்தே நழுவின. கேட்பவருக்கு எது பொருள்படுகிறதோ அந்தப் பக்கம் கதை சாயும். அங்கே ஆவி வெளியே போனது, எங்கள் வீட்டில் உள்ளே வந்தது.

ஒருவேளை 4.25-க்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாலும்? முகப்பில் 720 நிமிஷங்கள். முன்னும் பின்னும் கால் மணி நேரத்தைப் பொருத்தம் என்று ஏற்றுக்கொண்டால் 30 நிமிஷம், தற்செயலாக நிற்க 24-ல் ஒரு வாய்ப்பு. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கடிகாரங்கள் நிற்கின்றன. பொருந்தாமல் நின்றவற்றை யாரும் சொல்வதில்லை.

இந்த அனுபவங்களைச் சேகரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து, நடந்து எத்தனை நாள் கழித்து எழுதியது என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

குரலும், காற்றும்

33-வது நாள், காலை 11 மணி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அம்மா என் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். 'வர்றேன்மா' என்று பதிலும் சொல்லிவிட்டேன். இதில் தூக்கம் இல்லை, இருட்டு இல்லை.

டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் வெளியிட்ட ஆய்வில், 46.7 சதவீதம் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். 39.2 சதவீதம் பேருக்கு அருகில் இருப்பதான உணர்வு, 13.3 சதவீதம் பேருக்குக் குரல். பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. இது மனநோய் அல்ல, துக்கத்தின் சாதாரணமான ஒரு முகம். ஐந்து மாதம் அந்தக் கூப்பிடலுக்காகவே காதைத் தீட்டி வைத்திருந்தவனுக்கு அது ஒரு முறை கேட்டதில் வியப்பில்லை என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் யாராவது கூப்பிட்டிருக்கலாமா என்று அன்றே விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை. அது என் தவறு. ஆகவே நாட்காட்டியைக் காட்டுவது போல இதைக் காட்ட முடியாது, பெரும்பாலும் இதுதான் என்று மட்டும் சொல்லலாம்.

கார்பன் மோனாக்சைடையும் சோதித்தேன், எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் மணமில்லாத நச்சு வாயு அது. 1921-ல் வில்மர் என்ற கண் மருத்துவர் பதிவு செய்த குடும்பம் ஒன்று உண்டு: 1912-ல் பழைய பெரிய வீடொன்றுக்குக் குடிபோனதிலிருந்து தலைவலி, காலடிச் சத்தம், அந்நிய உருவங்கள், செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால் பழுதான உலையின் புகை புகைபோக்கியில் போகாமல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், பேய் இல்லை என்று காட்டுவதற்காக அல்ல, அந்த வாயு உயிரையே எடுத்துவிடும் என்பதற்காக. எங்கள் வீட்டில் ஒரு வாரம் கருவி வைத்திருந்தோம், பூஜ்யம்.

மிச்சம்

68-வது நாள் மாலை, அம்மாவின் அறையில் நானும் அப்பாவும் பீரோவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அம்மாவுக்கு முதுகில் தடவும் களிம்பின் வாசனை வந்தது. லேசாக இல்லை, இப்போதுதான் தடவியது போல. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை, ஒரு தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்து, "இப்ப உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்கப்பா" என்றேன். நானும் தனியாக எழுதினேன். இரண்டு தாளிலும் களிம்பின் பெயர்.

டியூபுகளை எல்லாம் முதல் வாரமே எடுத்துப் போட்டிருந்தோம். மெத்தையை முகர்ந்தோம், தலையணைகள், பீரோவின் மூலைகள், துணிகள், ஜன்னலுக்கு வெளியே. எங்கும் இல்லை. பத்து நிமிஷத்தில் போய்விட்டது, மறுபடி வரவில்லை. ஏதோ ஒரு துணியின் மடிப்பில் ஊறியிருந்தது காற்றுப் பட்டு வெளிவந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன், ஆனால் அந்தத் துணியை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்ததாக எழுதக்கூடாது. நோட்டில் 'காரணம் கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. அதற்கு 'அம்மா வந்தார்' என்று பொருள் இல்லை, 'அம்மா வரவில்லை' என்றும் பொருள் இல்லை. அப்பாவுக்கு இந்த வரி போதும். எனக்கு அந்தத் துணி வேண்டும்.

நாட்காட்டியைக் கண்டுபிடித்த மறுநாள் காலையில் அப்பாவைக் கூட்டிப்போய் சுவரில் இருந்த பிறைக் கீறலைக் காட்டினேன், கையால் ஆட்டிச் சத்தத்தையும் கேட்கவைத்தேன். தலையாட்டினார், "இதுதானா" என்றார். ஆணியிலிருந்து எடுக்கப் போனேன். "இருக்கட்டும்டா" என்றார்.

வருஷம் முடிந்தும் அதை மாற்ற விடவில்லை. காற்று அடிக்கிற இரவுகளில் சில நாள், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அப்பா எழுந்து போய் பின் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து படுக்கிறார்.